பாலத்துக்கு வடக்கே பதினோரு கிலோமீட்டர்

அன்று மாரண்டஹள்ளியில் அந்த அறைக்குள் இருந்தவர்கள்:

முனிராஜ், வயது முப்பத்தாறு. இரண்டு போர்வெல் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். அறை அவருடைய ஆபீஸ், நான்கு கம்ப்யூட்டரும் அவர் வாங்கிப் போட்டவை. அதனால் அவர்தான் கேப்டன். இதற்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.

சின்னராஜ், முனிராஜின் வண்டியில் துளை போடுகிறவர். அணியில் பீரங்கி அவர் பொறுப்பு. ஓனர் சுடு என்றால் சுடுவார், நிறுத்து என்றால் நிறுத்துவார்.

வெண்மதி, பாலக்கோட்டில் இ-சேவை மையம் நடத்துகிறவள். ரோந்து அவளுடையது. எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாதவராஜ், வயது இருபத்தாறு. இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் நின்றுவிட்டவன், ஓசூரில் பதினொரு மாதம் நைட் ஷிப்ட் பார்த்து அதையும் விட்டவன். அணியில் சப்ளை. டீசல், குண்டு, லாரி. யாரும் கேட்டு வாங்காத வேலை.

விளையாட்டின் பெயர் நார்த் பேங்க், அதாவது வடகரை. சும்மா சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. ஒரு ஆறு, ஒரு பாலம், பாலத்துக்கு வடக்கே பதினோரு கிலோமீட்டரில் ஒரு ரயில்வே ஜங்ஷன். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். அதற்குள் நான்கு பேரும் அவரவர் படைக்கு உத்தரவு எழுத வேண்டும். இரண்டு அணிகளின் உத்தரவும் ஒரே நேரத்தில் நடக்கும். பிறகு என்ன ஆயிற்று என்பதைத் திரை பாதி சொல்லும், பாதியை மறைக்கும். ரோந்து பார்த்த செய்தி ஒரு சுற்று தாமதமாக வரும். சாலையில் போகிற லாரி எங்கே இருக்கிறது என்பது சப்ளைக்காரனுக்கே சரியாகத் தெரியாது. ஒருவர் திரையில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது, வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. கேப்டன் திரையில் மட்டும் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை வரும்: ஓடுகிற லாரி இத்தனை, பழுதான லாரி இத்தனை. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அரையிறுதி. எதிரே திருச்சி அணி. இறுதிக்குப் போகிற இரண்டு அணிகளின் எட்டுப் பேருக்கும் ஒரு வருடம் வீட்டிலிருந்தே டெஸ்டிங் வேலை என்று விளையாட்டை நடத்தும் கம்பெனி அறிவித்திருந்தது. முனிராஜுக்கு அது வேண்டியதில்லை. வெண்மதிக்குக் கிடைத்தால் நல்லது. சின்னராஜ் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. மாதவராஜுக்கு அதை விட்டால் ஓசூர்தான். பழைய வார்ப்பட ஆலை, பழைய ஷிப்ட், இரவு எட்டிலிருந்து காலை எட்டு. சூப்பர்வைசர் முருகேஷ் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கெழம நாலர மணிக்குக் கூப்புடுவன். வரன், வரல, ரெண்டுல ஒண்ணு சொல்லணும். ராயக்கோட்டைலேர்ந்து ஒருத்தன் கேட்டுகிட்டே கெடக்கறான்." ஓசூரையும் விட்டால் மாதவராஜின் அப்பாவுக்கு இருக்கிற தக்காளிக் காட்டில் இரண்டு பேர் சாப்பிட முடியும், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அப்பா அதை வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துவார்.

ஆலையில் என்ன கஷ்டம் என்று யாராவது கேட்டால் மாதவராஜுக்குச் சொல்லத் தெரியாது. மணல், சூடு, இரைச்சல் எல்லாம் பழகிவிட்டன. பகலில் தகரக் கூரைக்குக் கீழே படுத்துத் தூங்க முயல்வதுதான் பழகவில்லை. எட்டாவது மாதத்தில் அவனுக்கு இன்று என்ன கிழமை என்பது மறந்துபோக ஆரம்பித்தது. பதினொன்றாவது மாதத்தில் வார்ப்பு அச்சின் மேலேயே கண் செருகியது. பக்கத்தில் இருந்தவன் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் முகம் போயிருக்கும். அன்றே கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஆக அவன் இந்த ஆட்டத்தை ஜெயித்தாக வேண்டும். பெரிதாக ஜெயிக்க வேண்டியதில்லை. இருபத்து நான்காவது சுற்று முடியும்போது பாலம் கையில் இருந்தால் போதும். ஜங்ஷனையும் பிடித்தால் பெரிய வெற்றி. இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்.

அந்த அணிக்கு ஒரு சட்டம் இருந்தது. முனிராஜின் போர்வெல் வண்டியிலிருந்து வந்த சட்டம். சில வருடங்களுக்கு முன் வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு விவசாயியின் காட்டில் அறுநூறு அடி துளை போட்டும் புழுதிதான் பறந்தது. வேலைக்கு வந்த ஒருவன் காட்டுக்காரரிடம், "இங்க தண்ணி இல்லீங்க" என்று சொல்லிவிட்டான். அவர் நிறுத்தச் சொன்னார். பத்து நாள் கழித்து வேறொரு கம்பெனி அதே குழியில் இன்னும் நாற்பதடி போட்டது, மூன்று இஞ்ச் தண்ணீர் அடித்தது. அன்றிலிருந்து ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில் யாரும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. சந்தேகமாக இருந்தால் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல வேண்டும். விளையாட்டுக்கும் அதுவே சட்டமாயிற்று. கேலிக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சட்டத்தோடுதான் அவர்கள் தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். மற்ற அணிகள் தயங்கி நின்ற இடத்தில் இவர்கள் இன்னும் ஐம்பதடி போனார்கள்.

மாதவராஜுக்கும் ஒரு வழி இருந்தது. முனிராஜ் கண்ணில் பட்ட டீசலை எல்லாம் செலவழித்துவிடுவார் என்று முதல் ஆட்டத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்திலிருந்து நான்கு லாரிகளை டீசல் நிரப்பி, பழுது பட்டியலில் போட்டு ஒளித்து வைத்தான். கேட்கும்போது 'இறுக்கமாக இருக்கிறது' என்பான். முட்டிக்கொண்டு நிற்கும்போது, 'நாலு லாரி சரியாயிடுச்சு' என்று எடுத்துக் கொடுப்பான். இது தனக்கு மட்டும் தெரிந்த தந்திரம் என்று நினைத்திருந்தான்.

அரையிறுதியிலும் அப்படித்தான் நான்கை ஒளித்திருந்தான். ஆற்றைக் கடக்கும்போது பன்னிரண்டாவது சுற்றில், யாரிடமும் சொல்லாமல், அவற்றின் டீசலை முழுக்கச் செலவழித்தாயிற்று. பதினான்காவது சுற்றில் பாலத்துக்குத் தெற்கே குண்டு விழுந்தது. அடிபட்டவை அதே நான்கு காலி லாரிகள். மறுபடி பழுது பட்டியலுக்குப் போயின, இந்த முறை உண்மையாகவே.

பத்தொன்பதாவது சுற்று முடிந்தபோது பாலம் இவர்கள் கையில் இருந்தது. அதன் வடகரையில் இருபத்திரண்டு டாங்கிகள் நின்றன. மின்விசிறி தலைக்கு மேலே டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வெண்மதி, ஜங்ஷன்ல என்னா இருக்குது?" என்றார் முனிராஜ்.

"ஒரே ஒரு கம்பெனி, நூறு சிப்பாய்ங்கதாண்ணா தெரியுது. அதும் ரெண்டு சுத்துக்கு முன்னாடி பாத்தது. இப்ப ஒண்ணா, பத்தான்னு தெரியாது."

"அவன் டாங்கிங்க?"

"இருவதும் மூணு சுத்தா கண்ணுல படல. கெழக்குக் காட்டுக்குள்ள பூந்திருக்கும்னு நெனைக்கறன். வடக்கயும் போயிருக்கலாம். ஒண்ணச் சொல்லுன்னா கெழக்குன்னு சொல்லுவன், கையெழுத்துப் போட மாட்டன்."

"கையெழுத்து யாரு கேட்டா? பட்டா மாத்தவா வந்திருக்கறோம்?"

சின்னராஜ் சிரித்தார். முனிராஜ் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். அவருடைய வாதம் முட்டாள்தனமானது இல்லை. பாலத்திலேயே உட்கார்ந்தால் எதிரி தனக்குத் தோதான நேரத்தில், தோதான பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு வருவான். ஜங்ஷனை நோக்கிப் போனால் அவன் அதைக் காப்பாற்றத் திரும்பியாக வேண்டும். இருப்பதும் சூதாட்டம், போவதும் சூதாட்டம்.

"ஒக்காந்துகிட்டு இருந்தா தண்ணி தானா மேல வருமா?" என்றார். "பதினோரு கிலோமீட்டர். மாதவா, டீசல் எப்பிடி?"

மாதவராஜின் திரையில் டாங்கிகளின் டீசல் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை என்று காட்டியது. ஜங்ஷன் வரை போக முப்பது வேண்டும். காட்டுச் சாலையில் அனுப்பிய ஒன்பது லாரிகள் போய்ச் சேர்ந்திருந்தால் நாற்பத்தைந்து, சேராவிட்டால் பதினைந்து. அந்தச் சாலை கிழக்குக் காட்டின் ஓரமாகத்தான் போகிறது. வெண்மதி சொன்னது சரியாக இருந்தால் அந்த ஒன்பதும் இப்போது கரிக்கட்டை.

"இறுக்கமா இருக்குதுங்கண்ணா."

"இறுக்கம்னா?"

"காட்டு ரோட்டுல போன ஒம்பது லாரி ரெண்டு சுத்தா பேசல."

"பேசல. செத்துட்டன்னு சொல்லுச்சா?"

"செத்தவன் எங்கிருந்து சொல்லுவான் ஓனரு" என்றார் சின்னராஜ்.

"நீ பீரங்கியப் பாருடா." முனிராஜ் கேப்டன் திரையை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஏதோ திருப்தி அவர் முகத்தில் வந்தது. "அப்ப வரும். பாத்துக்கலாம், என்னா?"

மாதவராஜின் வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. டீசல் இல்லை, போகாதீர்கள். அவ்வளவுதான். சட்டம் ஒருபுறம் கிடக்கட்டும், அவனைத் தடுத்தது அது மட்டும் இல்லை. தான் இல்லை என்று சொல்லி, அதனால் பாலத்திலேயே உட்கார்ந்து, எதிரி வந்து அடித்துத் தோற்றால், அது மாதவராஜ் சொல்லித் தோற்ற ஆட்டமாகிவிடும். ஓசூர் வண்டியில் அந்த நினைப்போடும் உட்கார்ந்து போக வேண்டும். முனிராஜ் சொல்லித் தோற்றால் அவரையாவது திட்டிக்கொண்டு போகலாம்.

வெண்மதி தன் திரையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"பாத்துக்கலாங்கண்ணா" என்றான்.

இருபதாவது சுற்றில் டாங்கிகள் ஐந்து கிலோமீட்டர் போயின. எதிர்ப்பே இல்லை. முனிராஜ் மேசையைத் தட்டினார். இருபத்தொன்றாவது சுற்றின் உத்தரவு போனது. ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. திரையில் இருபத்திரண்டு டாங்கிகளும் வரிசையாகச் சாம்பல் நிறத்துக்கு மாறின, டீசல் தீர்ந்தால் அப்படித்தான் மாறும். அதே நேரம் வெண்மதியின் திரையில் கிழக்குக் காட்டின் விளிம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. அவள் எண்ணிச் சொன்னாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. எல்லாம் பாலத்தைப் பார்த்து.

"பரவால்ல" என்றார் முனிராஜ். பதற்றமே இல்லை. "மாதவா, அந்த நாலு லாரிய எறக்கு."

"எந்த நாலுங்கண்ணா?"

"அதான்டா, பழுதுன்னு ஒளிச்சு வெச்சிருக்கறியே. எறக்கு, நேரமில்ல."

மாதவராஜ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். "அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மூணாவது மேட்ச்லயே தெரியும். நாலு மேட்ச்சா, கரெக்டா நாலு லாரி பழுதாவுது, கரெக்டா கடசில சரியாவுது. நானென்ன கண்ணில்லாதவனா? சரி, பையன் புத்திசாலி, வெச்சிருக்கட்டும்னு வுட்டன். எறக்கு."

"அண்ணா, அது நெஜமாவே பழுது."

முனிராஜ் நாற்காலியோடு திரும்பினார். "வெளையாடாத."

"பதினாலாவது சுத்துல குண்டு வுழுந்துச்சே, அதுல போனது. அதுல டீசலும் கெடையாது. ஆத்தத் தாண்டறப்பவே ஊத்தித் தீத்துட்டன்."

சுற்றின் கடிகாரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு நிமிடம். ஐந்தரை.

"ஆயித்து" என்றார் சின்னராஜ், முடிந்தது என்று தன் வீட்டுக் கன்னடத்தில். பெரும்பாலும் தமிழில்தான் பேசுவார். ஒரு குழியில் கல் மாட்டி ராடு உடைந்தால் மட்டும் அப்படிச் சொல்வார்.

மீதி மூன்று சுற்றுகளை விவரிக்க ஒன்றும் இல்லை. பாலத்தில் சின்னராஜின் ஆறு பீரங்கிகள் இருந்தன. அவர் நன்றாகவே சுட்டார், ஏழு டாங்கிகளை உடைத்தார், பிறகு குண்டு தீர்ந்தது. வடக்கே இருபத்திரண்டு டாங்கிகள் வெயிலில் நிறுத்திய டிராக்டர்கள்போல நின்றன. இருபத்து மூன்றாவது சுற்றில் பாலம் போயிற்று. மூன்றரை மணிக்கு ஆட்டம் முடிந்தது.

ஆட்டம் முடிந்தால் மறைத்ததை எல்லாம் விளையாட்டு திறந்து காட்டும். இரண்டு பக்கத்துப் படைகளும் முதலிலிருந்து நகர்வதைப் பார்க்கலாம். நால்வரும் முனிராஜின் திரையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒன்பது லாரிகளும் பதினேழாவது சுற்றிலேயே எரிந்திருந்தன. கிழக்குக் காட்டில் இருந்த டாங்கிகள்தான் எரித்திருந்தன. பிறகு முனிராஜ் ஜங்ஷனைப் பெரிதாக்கிப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு கம்பெனி. அதிலும் பாதி ஆட்கள் அடிபட்டவர்கள்.

"பாத்தியா!" என்று கத்தினார். தோற்றவர் குரலே இல்லை. "காலியா கெடக்குது! நான் சொன்னது கரெக்டு. இன்னும் ஆறு கிலோமீட்டர் போயிருந்தா நம்முளுது."

மாதவராஜ் அவரையே பார்த்தான். "அண்ணா, டீசல் இல்ல."

"அது வேற. தண்ணி இருந்துச்சான்னு கேட்டா இருந்துச்சு."

"எது வேற? டீசல் இல்லாம எப்பிடிப் போவும்? தள்ளிகிட்டா போவோம்? ஒரு மணி நேரம் அங்கயே நின்னிருந்தா ஜெயிச்சிருக்கலாம். இருவத்திரண்டு டாங்கி பாலத்துல இருந்தா அவன் என்னா பண்ணியிருப்பான்?"

"அத நீ அப்பவே சொல்லணும்."

"சொன்னன்!"

"என்னா சொன்ன? இறுக்கம்ன. நீ எப்பதான் இறுக்கம்னு சொல்லல? நாலு மேட்ச்லயும் இறுக்கம். நாலு மேட்ச்லயும் நாலு லாரி மடியிலேர்ந்து எடுத்த. நான் ஒன் பேச்ச நம்பறதா, ஒன் பழக்கத்த நம்பறதா?"

"இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"லாரிய ஒளிச்சு வெக்கச் சொல்லிச் சட்டம் போட்டது யாரு? எங்கிட்டயே பொய் சொல்றதுக்கு மட்டும் சட்டம் தடுக்கல, நெஜத்தச் சொல்றதுக்குத் தடுத்துச்சா?"

மாதவராஜிடம் பதில் இருந்தது. எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிற ஆளிடம் ஒளித்து வைக்காமல் என்ன செய்வது? அது சரியான பதில்தான். ஆனால் அதைச் சொன்னாலும் லாரி ஓடப்போவதில்லை. அவன் வெண்மதி பக்கம் திரும்பினான். அவளாவது தன் பக்கம் பேசுவாள் என்று நினைத்தான்.

"நீயே சொல்லு வெண்மதி. நீதான கெழக்குன்ன."

"நான் கெழக்குன்னு சொன்னன்" என்றாள். "நீ பதினஞ்சுன்னு சொல்லவேயில்ல. நம்பரு ஒங்கிட்டதான் இருந்துச்சு. பதினஞ்சு, முப்பது வேணும், இந்த ரெண்ட மட்டும் சொல்லியிருந்தா நானும் வேணாம்னு கத்தியிருப்பன். நானா ஒன் தெரய எட்டிப் பாக்க முடியும்?"

"சண்ட போட்டிருப்பாரு."

"போடட்டுமே. சண்டைக்குப் பயந்தா சப்ளைய எதுக்கு எடுத்த?"

"யாரும் எடுக்கலன்னுதான் எடுத்தன்."

"எனக்கும்தான் அந்த வேல போச்சு, மாதவா. ஒனக்கு மட்டும் இல்ல."

மாதவராஜ் வெளியே வந்து ஆபீசுக்குப் பின்னால் அடுக்கியிருந்த கேசிங் குழாய்களின் மேல் உட்கார்ந்தான். குழாய் சுட்டது. எழுந்திருக்கவில்லை. முனிராஜ் உள்ளே யாருக்கோ போனில், "ஜங்ஷன் காலிங்க, சத்தியமா காலி" என்று சொல்வது கேட்டது. அந்த ஆள் இதை இன்னும் பத்து வருடம் சொல்லுவார். தோற்றது அவர் கதையில் எங்கேயுமே இருக்காது.

சொன்னபடி நாலரைக்கு முருகேஷின் போன் வந்தது.

"என்னாப்பா, வரியா வரலியா?"

"வரன்."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு வேணாம், இன்னைக்கே வா. ரெண்டு பேரு லீவு போட்டுட்டானுங்க. ஆறரைக்கு வண்டி பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்கும். ஷூ வெச்சிருக்கறியா?"

"வூட்டுல இருக்குதுங்க."

"அப்ப சரி."

உள்ளே போய் அவனுடைய ஹெட்போனையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்தான். முனிராஜ் அதற்குள் அடுத்ததுக்குத் தயாராகிவிட்டிருந்தார். ஐந்து மணிக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். அதில் ஜெயித்தால் ஆளுக்கொரு டீ-ஷர்ட்.

"எங்கடா கெளம்பற? ஒக்காரு. கோவத்த அப்பறம் வெச்சுக்கலாம்."

"ஓசூர் வண்டி இன்னைக்கேங்கண்ணா. ஆறரைக்கு."

முனிராஜ் மவுஸை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை. "வேணும்னா வண்டிக்கு வாயேன்" என்றார். "ராடு மாத்தற வேல. சின்னராஜ்கூட."

"ராத்திரில போர் போடறதும் நைட் ஷிப்ட்தாங்கண்ணா."

"அதும் சரிதான்." அவர் திரைப் பக்கம் திரும்பினார். "மூணு பேரு இருந்தா ஆட வுடுவானுங்க. வெண்மதி, சப்ளையும் நீயே பாத்துக்க."

"பாக்கறன். ஆனா நம்பர வெளிய கத்துவன், இருந்தாலும் இல்லன்னாலும்."

"கத்து, கத்து."

மாதவராஜ் வாசலில் நின்றான். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டார். ஐந்து ஆட்டத்தில் அவன் ஒருமுறைகூட அப்படிக் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் அவனிடமும் இப்படிக் கத்து என்று சொல்லியிருப்பாரா, அல்லது இன்று தோற்றதால்தான் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. அதை நினைத்ததும் அவனுக்கு முனிராஜ் மேல் இருந்ததைவிடப் பெரிய ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று சொல்ல முடியாத ஆத்திரம்.

"வரங்கண்ணா" என்றான்.

"போயிட்டு வா. லீவு கெடச்சா சொல்லு."

சின்னராஜ் எழுந்து வந்தார். ஆட்டம் நடக்கும்போது வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது, கதவு பூட்டியிருப்பதைக் கேமராவில் காட்ட வேண்டும் என்பது போட்டி விதி. அவர் மாதவராஜின் தோளை ஒரு தட்டு தட்டினார். அவன் படி இறங்கியதும் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டு, சாவியைத் திருப்பினார்.